190 நோட்டுகளும் ஒரு தொண்டையும்: புது ஆசிரியர் நீடித்துப் பணியாற்ற

கேள்வி: அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஐந்து பிரிவுகள், மொத்தம் 190 மாணவர்கள். வியாழக்கிழமைக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. இப்போது ஒரு மாதமாகக் கரகரப்பு விடவே இல்லை. நோட்டு திருத்தி முடிக்க இரவு பதினொன்று ஆகிறது. பாடம் நடத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இப்படியே முப்பது ஆண்டுகள் முடியுமா என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: இப்படியே முப்பது ஆண்டுகள் முடியாது. வேறு விதமாக முடியும். நான் 31 ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவன். உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் என் முதல் இரண்டு ஆண்டுகளில் அனுபவித்திருக்கிறேன்.

முதலில் தொண்டை. மூன்று வாரங்களைத் தாண்டிய கரகரப்பைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இந்த வாரமே போய்விடுங்கள். பேசும்போது குரல்நாண்கள் பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 முறையும் ஆண்களுக்குச் சுமார் 120 முறையும் ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. ஒரு பள்ளி நாளின் கணக்கைக் கூட்டினால் பல லட்சம் முறை. கத்தும்போது மோதலின் வேகமும் கூடுகிறது. அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் அதே இடத்தில்தான் அடிக்கிறது. கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்திக் கிசுகிசுத்தால் இறுக்கம்தான் கூடும். மேசையில் தண்ணீர் வையுங்கள், மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருங்கள். இரைச்சல் அடங்கும்வரை பேசத் தொடங்காதீர்கள். கையை உயர்த்துவது, பலகையை இரண்டு முறை தட்டுவது என ஏதாவது ஓர் அடையாளத்தைப் பழக்கிவிட்டால், குரலை உயர்த்தும் தேவை பெருமளவு குறைந்துவிடும்.

என் இரண்டாம் ஆண்டில் குரல் முழுவதுமாகப் போயிற்று. குரல்நாணில் சிறு வீக்கம், இரண்டு வாரம் பேசக் கூடாது என்றார் மருத்துவர். விடுப்பு கிடைக்கவில்லை. சாக்பீஸோடு வகுப்புக்குப் போனேன். தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் உள்ள மின்சுற்றைப் பலகையில் வரைந்து, 'எது பிரகாசமாக எரியும்? ஏன்? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்' என்று எழுதிவிட்டு வரிசைகளுக்கு இடையே நடந்தேன். மூன்று குழுக்களில் ஒரே தவறான பேச்சு: முதல் பல்பு மின்சாரத்தில் பாதியைத் தின்றுவிடும், மீதிதான் இரண்டாவதற்குப் போகும். அதற்கு முந்தைய வாரம்தான் அந்தப் பாடத்தை நான் கணீரென்ற குரலில் நடத்தி முடித்திருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புரிந்திருக்கவில்லை என்பது நான் வாயை மூடிய பிறகுதான் தெரிந்தது.

அந்த இரண்டு வாரம் எனக்குக் காட்டியதைத்தான் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். புது ஆசிரியரைத் தேய்க்கும் வேலையில் பெரும்பகுதி, மாணவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை. அவர்கள் யோசிக்க வேண்டிய இடத்தில் நாம் விளக்குகிறோம். அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய பிழையை நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம். அதைத் திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்குப் படிப்பு, நமக்கு மூச்சு.

கேள்வி கேட்பதிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசும் மாணவர்கள் கூடினார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று நொடி மௌனம் முதலில் தாங்க முடியாததாக இருக்கும். மனத்துக்குள் எண்ணுங்கள். ஒரு நாளில் நீங்கள் பேசும் சொற்களின் எண்ணிக்கையே இறங்கிவிடும்.

அடுத்தது அந்த நோட்டுக் கட்டு. ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 190 நோட்டுக்கு 570 நிமிடம், அதாவது ஒன்பதரை மணி நேரம். ஒரு சுற்றுக்கே ஒரு முழு நாள் வேலையைவிட அதிகம். இதைச் சுறுசுறுப்பால் ஈடுகட்ட முடியாது. முறையை மாற்றித்தான் ஆக வேண்டும். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. முன்னேற்றம் தெரிந்தது கருத்து மட்டும் பெற்றவர்களிடம். இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அதற்குக் கீழே இறங்குவதில்லை என்பதை நானும் வகுப்பில் கண்டிருக்கிறேன். இரவு பத்தரைக்கு நாம் எழுதும் குறிப்புகளில் எத்தனை படிக்கப்படுகின்றன?

நான் கடைசி இருபது ஆண்டுகள் செய்தது இது. ஒவ்வொரு பிரிவிலும் வாரம் எட்டு நோட்டுகளை மட்டும் ஆழமாகப் பார்ப்பேன், சுழற்சி முறையில். மற்ற நோட்டுகளை வகுப்பிலேயே, விடைக்குறிப்பைப் பலகையில் எழுதிவிட்டு, மாணவர்களே பென்சிலால் திருத்துவார்கள். பார்த்த எட்டில் திரும்பத் திரும்ப வந்த பிழை ஒன்றை எடுத்து, அடுத்த நாள் முதல் ஐந்து நிமிடத்தை அதற்கு ஒதுக்குவேன். உங்களுக்கு வாரம் 40 நோட்டுகள், இரண்டு மணி நேரம். ஆனால் இதைத் தொடங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்; சொல்லாமல் செய்தால் அலட்சியமாகத் தெரியும்.

பாடக்குறிப்பு விஷயத்தில் உங்கள் உழைப்பைச் சேமித்து வைக்கப் பழகுங்கள். பாடம் முடிந்த உடனே, அடுத்த பிரிவேளை மணி அடிப்பதற்குள், ஓரத்தில் மூன்று வரி எழுதுங்கள். என் பழைய குறிப்பு ஒன்று: 'ஒளிவிலகல். குவளைத் தண்ணீரில் பென்சிலை முதலில் காட்டு, வரையறை பிறகு. மூன்றாம் கணக்கு மிகக் கடினம், நீக்கு.' அடுத்த ஆண்டு இதே பாடத்துக்குத் தயாராக எனக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. எதையும் முதல் ஆண்டிலேயே பிரமாதமாகச் செய்ய முயலாதீர்கள். ஒரு பருவத்தில் இரண்டு பாடங்களை நன்றாகச் செதுக்குங்கள், மற்றவை சுமாராக இருக்கட்டும். ஐந்து ஆண்டுகளில் கைவசம் ஒரு களஞ்சியம் சேர்ந்துவிடும்.

கூடுதல் பொறுப்புகளுக்கு உடனே தலையாட்ட வேண்டாம். 'நாளை காலை சொல்கிறேன்' என்ற ஒரு வாக்கியம் போதும். பெற்றோரின் கைபேசிச் செய்திகளுக்கு ஒரு நேரத்தை வகுத்து, அதை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஆசிரியர் அறையில் யாரோடு உட்காருகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். புலம்பல் எல்லோருக்கும் தேவைதான். ஆனால் 'இந்தப் பாடத்தை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?' என்று கேட்டால் நோட்டை எடுத்துக் காட்டும் ஒருவரையாவது தேடிக்கொள்ளுங்கள்.

இனி, விட்டுவிடலாமா என்ற கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச் சோர்வுக்கு மூன்று கூறுகளை வரையறுத்தது: சக்தி வற்றிப்போதல், வேலையின்மீது விலகலும் கசப்பும், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. அதை நோயாக அது வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத தொடர்ந்த பணி அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. அதனால் உங்களிடம் என்ன குறை என்று தேடுவதற்கு முன் வேலையின் அமைப்பைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முதல் கூறு மட்டுமே தெரிகிறது. பாடம் நடத்தப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கசப்பு இன்னும் வரவில்லை. தூக்கம் கெட்டு, காலையில் பள்ளியை நினைத்தாலே உடல் நடுங்குகிறது என்றால் நிலைமை வேறு. அப்போது மருத்துவ உதவியைத் தள்ளிப்போடக் கூடாது.

முடிவைத் தேர்வுக் காலத்தில் எடுக்காதீர்கள், அந்த வாரங்களில் எல்லோருக்கும் ஓடிவிடத் தோன்றும். இரண்டாம் ஆண்டு முடியட்டும். ஆசிரியரின் திறன் வேகமாகக் கூடுவது முதல் சில ஆண்டுகளில்தான். நீங்கள் ஏறிக்கொண்டிருப்பது மிகச் செங்குத்தான பகுதி. மாற்றங்களைச் செய்து பார்த்தும் சுமை இறங்கவில்லை என்றால், தொழிலை விடுவதற்கு முன் பள்ளியை மாற்றிப் பாருங்கள். நேர்காணலில் ஊதியத்தோடு இவற்றையும் கேளுங்கள்: எத்தனை பிரிவுகள், வாரத்துக்கு எத்தனை ஓய்வுப் பிரிவேளைகள், விடுப்பில் போனவரின் வகுப்பை யார் பார்ப்பார்கள். பிறகு இடைவேளை நேரத்தில் ஆசிரியர் அறையை ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அங்கிருக்கும் யாரிடமாவது விசாரித்துவிட்டு வாருங்கள்.