‘தேவசித்தம்’ என்று சொல்ல யாருக்கு உரிமை?

கேள்வி: வேதபாடக் குழு ஒன்றை நடத்துகிறேன். கூட்டுத் தொழிலில் பொய்க்கணக்கு எழுதிப் பங்காளியை ஏமாற்றிய ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால், “எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? யூதாஸ் காட்டிக்கொடுக்காவிட்டால் சிலுவை ஏது? என்மேல் மட்டும் என்ன குற்றம்?” என்று கேட்கிறார். இளைஞர்கள் சிலர் தலையாட்டுகிறார்கள். அடுத்த வகுப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தேவன் தமக்குச் சித்தமானவனைக் கடினப்படுத்துகிறார் என்று சொல்லும் ரோமர் 9-இலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலான வகுப்புகள் அங்கேதான் போகின்றன. பத்து நிமிடத்தில், முன்குறிப்பை வலியுறுத்திய கால்வினா, மனிதனின் தெரிவுக்கு இடம் கொடுத்த அர்மீனியஸா என்று பேச்சு திரும்பும், மணி முடியும்போது பங்காளியின் பணத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள். அவருக்கும் அதுதான் வசதி.

ஆதியாகமம் 50-ஐத் திறங்கள். யாக்கோபு இறந்தபின், யோசேப்பு பழிவாங்குவானோ என்று பயந்த சகோதரர்கள் ஆள் அனுப்புகிறார்கள். தாங்கள் செய்ததைத் துரோகம், பாதகம் என்றே சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள் (வச. 17). தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பது யோசேப்பின் வாயிலிருந்து வருகிறது (வச. 20). குழுவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த 20-ஆம் வசனத்தைச் சகோதரர்கள் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். குழியில் தள்ளி விற்றவன் சொல்லக்கூடாத வாக்கியம் அது. விற்கப்பட்டவன் சொன்னான். அவனும், “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்” என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சொன்னான்.

அடுத்து அப்போஸ்தலர் 2. இயேசு தேவனுடைய நிர்ணயத்தின்படியும் முன்னறிவின்படியும் ஒப்புக்கொடுக்கப்பட்டார், நீங்கள் அவரைக் கொலைசெய்தீர்கள் என்று 23-ஆம் வசனத்தில் பேதுரு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். கேட்டவர்களுக்குத் தப்பிக்க வழி அந்த வாக்கியத்திலேயே இருந்தது. ஆனால் இருதயத்தில் குத்தப்பட்டு, என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள் (வச. 37). 2 சாமுவேல் 24 இதைவிடக் கடினமான இடம். இஸ்ரவேலை எண்ணும்படி கர்த்தரே தாவீதை ஏவினார் என்று முதல் வசனம் சொல்கிறது. 1 நாளாகமம் 21:1 அதே ஏவுதலைச் சாத்தானுடையது என்கிறது. விளக்கவுரைகள் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்கு வேண்டியது 2 சாமுவேல் 24-இன் 10-ஆம் வசனம்: தாவீது, தான் பெரிய பாவம் செய்ததாகச் சொல்கிறான். ‘நீர்தானே ஏவினீர்’ என்று கேட்கவில்லை.

பழியை வேறு பக்கம் தள்ளியவர்களும் வேதத்தில் உண்டு. “நீர் என்னுடனே இருக்கும்படி தந்த ஸ்திரீ” என்று ஆதாம் பெண்ணையும் தேவனையும் சேர்த்தே இழுத்தான். பொன்னை அக்கினியில் போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்று ஆரோன் மோசேயிடம் சொன்னான் (யாத்திராகமம் 32:24). சில வசனங்களுக்கு முன்புதான் அதே ஆரோன் கருவியால் அதை உருப்படுத்தியதாக எழுதியிருக்கிறது. இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். யாரையும் சுட்டிக்காட்டாமலே உங்கள் நண்பருக்கு விஷயம் எட்டிவிடும்.

யூதாஸைப் பற்றித்தான் அவர் கேட்டார், எனவே அதைத் தவிர்க்க முடியாது. மனுஷகுமாரன் தீர்மானிக்கப்பட்டபடியே போகிறார் என்பதையும், காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ என்பதையும் லூக்கா 22:22 ஒரே வசனத்தில் வைக்கிறது. தீர்மானம் நடந்த விதத்தை மத்தேயு 26:14-16-இல் மெதுவாகப் படியுங்கள். யூதாஸ் தானாகவே பிரதான ஆசாரியரிடம் போகிறான். எனக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்கிறான். முப்பது வெள்ளிக்காசுக்கு ஒத்துக்கொண்டு சமயம் பார்க்கிறான். இந்த மூன்றில் எதிலும் அவன் கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. பணப்பையிலிருந்து எடுக்கும் பழக்கம் அவனுக்கு முன்பே இருந்தது (யோவான் 12:6). கடைசியில், பாவஞ்செய்தேன் என்று அவனே சொன்னான் (மத்தேயு 27:4). உங்கள் நண்பர் சாட்சிக்கு அழைக்கும் ஆளே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறான்.

‘சாத்தான் அவனுக்குள் புகுந்தானே’ என்று ஒருவர் நிச்சயம் கேட்பார் (லூக்கா 22:3). அதற்கு, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவிடம் போங்கள். சாத்தான் உன் இருதயத்தை நிரப்பினான் என்று சொல்லும் பேதுருதான் அடுத்த வசனத்திலேயே, விற்கும் முன் நிலம் உன்னுடையது, விற்றபின் பணம் உன் வசத்தில் இருந்தது என்கிறார் (அப்போஸ்தலர் 5:3-4). பணக்கணக்கில் பொய் சொன்ன வழக்கு என்பதால் இங்கே இன்னும் பொருந்தும்.

பார்வோனின் இருதயத்தைக் கர்த்தர் கடினப்படுத்தியது பற்றிக் கேட்டால், எகிப்தின் வாதைகளைப் பலகையில் வரிசையாக எழுதுங்கள். முதல் ஐந்து வாதைகளில், இருதயம் கடினப்பட்டது என்றோ, பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்றோதான் வருகிறது (யாத்திராகமம் 8:15, 8:32). வாதைகளின் நடுவே கர்த்தர் கடினப்படுத்தினார் என்று முதலில் வருவது ஆறாவதான கொப்புளங்களில் (9:12). ஏழாவதான கல்மழையில் மறுபடியும் பார்வோனே செய்கிறான் (9:34). பிறகு வெட்டுக்கிளியிலும் இருளிலும் கர்த்தர். அவன் பழகிய பிடிவாதத்திலேயே அவனை விட்டுவிட்டார் என்று பலர் படிப்பது இதை வைத்துத்தான். ஆனால் இதோடு முடிந்தது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். நான் கடினப்படுத்துவேன் என்று 4:21-இல், எந்த வாதையும் வருமுன்பே, கர்த்தர் சொல்லியிருக்கிறார். கால்வின் வழியில் வந்தவர்கள் அந்த வசனத்தைக் காட்டுவார்கள், காட்டுவது நியாயமும்கூட.

சபைகளின் கருத்துவேறுபாட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கவேண்டாம். ஒருவன் விரும்பியே செய்தால் குற்றம் அவனுடையது, வேறுவிதமாகச் செய்திருக்க முடியுமா என்பது கேள்வியல்ல என்பது கால்வின் வழி. மறுக்கும் திறன் இருந்தால்தான் குற்றம், அந்தத் திறனைக் கிருபை எல்லாருக்கும் முந்திக்கொண்டு தருகிறது என்பது அர்மீனியஸ், வெஸ்லி வழி. இந்த வழக்கு 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கத்தில் விசாரிக்கப்பட்டு அர்மீனியஸ் வழியினருக்கு எதிராகத் தீர்ந்தது, வாதம் தீரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்துச் சங்கத்தில், அருள் தூண்டும்போதும் மனிதன் அதை மறுக்க முடியும் என்று வரையறுத்தது. இரட்சிப்பு முழுவதும் தேவனால், கெடுவது மனிதனால் என்று லூத்தரன் சபைகள் 1577-இன் ஒற்றுமை வாசகத்தில் சொல்லி, இரண்டையும் இணைக்க முயலாமல் நிறுத்திக்கொண்டன. தேவன் பாவத்துக்குக் காரணர் அல்ல என்பதில் இவர்கள் எல்லாரும் ஒன்று. நடப்பதெல்லாம் தேவன் நியமித்ததே என்னும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், அவர் பாவத்தின் கர்த்தா அல்ல, மனித சித்தத்தை வன்முறைக்கு உட்படுத்துவதும் இல்லை என்று அந்த வாக்கியத்திலேயே சேர்த்துக்கொள்கிறது. ஆகவே எந்தக் கட்சியில் போய் நின்றாலும் உங்கள் நண்பரின் சாக்கு நிற்காது. வகுப்புக்கு இது போதும்.

முன்னறிவது வேறு, செய்யவைப்பது வேறு என்பதற்கு, முடிந்த ஆட்டத்தின் பதிவைப் பார்ப்பவர் கோல் அடிக்கவைப்பதில்லை என்று சொல்வார்கள். முன்னறிதலுக்கு அது உதவும். தேவ ஆலோசனை முன்குறித்ததைச் செய்தார்கள் என்னும் அப்போஸ்தலர் 4:28-க்கு எட்டாது. அங்கே அதை நீட்டினால் வகுப்பிலேயே கூர்மையான பிள்ளை ஒன்று உங்களை மடக்கும்.

குற்றத்துக்கு அளவு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி (லூக்கா 12:47-48). சாவான பாவத்துக்குக் கத்தோலிக்கப் போதனை மூன்றைக் கேட்கிறது: கனமான விஷயம், முழு அறிவு, மனமார்ந்த சம்மதம். பயம், கட்டாயம், ஊறிப்போன பழக்கம் ஆகியவை பொறுப்பைக் குறைக்கலாம் என்றும் அது ஒத்துக்கொள்கிறது. மிரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்டவரையும், உட்கார்ந்து இரண்டு கணக்குப் புத்தகம் எழுதியவரையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது. இரண்டாவது புத்தகம் என்பதே அறிவுக்கும் சம்மதத்துக்கும் அத்தாட்சி.

ஒரு எச்சரிக்கை. இந்த வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், ‘நான் கைவிடப்பட்டவனாகக் குறிக்கப்பட்டிருந்தால்?’ என்று உள்ளுக்குள் நடுங்கலாம். ஏமாற்றியவருக்காக நீங்கள் கூராக்கிய வார்த்தை அவரைக் குத்தும். தன் பெயர் எந்தப் பட்டியலில் என்று தேடும்படி எந்த வசனமும் அவரிடம் கேட்கவில்லை, வரும் ஒருவரையும் தள்ளுவதில்லை என்பதுதான் (யோவான் 6:37) அவருக்குச் சொல்லப்பட்டது. இதை வகுப்பு முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பரையும் தனியாகவே பாருங்கள். சித்தம் பற்றிப் பேசவேண்டாம், எண்ணாகமம் 5:6-7-ஐ வாசிக்கக் கொடுங்கள். பாவத்தை அறிக்கையிடவேண்டும், முதலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும், யாருக்கு விரோதமாகச் செய்தாரோ அவரிடமே கொடுக்கவேண்டும். ஒரு லட்சம் எடுத்திருந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம். நியாயப்பிரமாணம் நம்மைக் கட்டாது என்பார். ஆயக்காரனான சகேயு எந்தக் கணக்கும் கேட்கப்படாமலே நாலத்தனையாகத் தருகிறேன் என்றான், எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சபைக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறேன் என்று பேரம் பேசினால் வாங்காதீர்கள்.

இதற்கிடையில் அந்தப் பங்காளியிடம் யாராவது போய், “எல்லாம் நன்மைக்கே, தேவன் ஒரு நோக்கத்தோடு அனுமதித்தார்” என்று ஆறுதல் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யோசேப்புக்கு அதைச் சொல்ல ஆண்டுக்கணக்கில் ஆனது, அவனுக்காக வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லவும் இல்லை.