கட்டடம் சாய்கிறது, இலை மினுங்குகிறது: கேமரா வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பகுதியின் பழைய கட்டடங்களைப் படம் எடுக்கிறேன். எல்லாமே பின்னால் சாய்ந்து நிற்கின்றன. 14 எம்.எம். லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். என்னிடம் இருப்பது ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 எம்.எம். லென்ஸ்.

பதில்: பணத்தைப் பையிலேயே வையுங்கள். கேமராவை அண்ணாத்திப் பிடிப்பதால்தான் சாய்கிறது. சென்சார், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகடு, சுவருக்கு இணையாக இல்லாவிட்டால் நெட்டுக்கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். இன்னும் அகலமான காட்சியைப் பிடிக்கும் 14 எம்.எம். லென்ஸை அண்ணாத்தினால் கூத்து இன்னும் கூடும்.

கேமராவிலேயே மட்டம் காட்டும் வசதி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, கேமராவை நெட்டுவாக்கில் நேராகப் பிடியுங்கள். 20 மீட்டர் உயரக் கட்டடம் 24 எம்.எம்.மில் முழுசாக அடங்க ஏறத்தாழ 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிடைவாக்கில் பிடித்தால் 37 மீட்டர். தெரு அவ்வளவு அகலம் இல்லையா? எதிர்க்கட்டட மாடிக்குப் போக அனுமதி கேளுங்கள். அதுவும் முடியாதென்றால், சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுத்து, பிறகு மென்பொருளில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். நெருக்கி எடுத்த படத்தில் கூரை முனை போய்விடும்.

குறுகிய சந்துகள்தான் உங்கள் பாடு என்றால் 14 எம்.எம். உதவும், 15 மீட்டர் போதும். ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சாலைதான், வெட்டி எறிய வேண்டியது. இதற்கென்றே பிறந்தது ஷிஃப்ட் லென்ஸ். கேமரா நேராக நிற்க, லென்ஸ் மட்டும் மேலே நகரும். விலை அதிகம், பெரும்பாலானவற்றில் ஃபோகஸும் கையால்தான். ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: தள்ளுபடி முடிய ஐந்து நிமிடம் இருந்ததால் அவசரமாக ஒரு மிரர்லெஸ் லென்ஸ் வாங்கிவிட்டேன். என் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவில்லை. அடாப்டர் உண்டா?

பதில்: இல்லை. மிரர்லெஸ் கேமராவுக்குள் பிரதிபலிப்புக் கண்ணாடி கிடையாது, டி.எஸ்.எல்.ஆரில் உண்டு. அந்த லென்ஸ் உட்கார வேண்டிய இடத்தில் உங்கள் கேமராவின் அந்தக் கண்ணாடி நிற்கிறது. பெட்டியின் மேலேயே மவுன்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாயின் வகை, பெயர் அச்சிட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் அரை நிமிடம் அதற்குச் செலவிட்டிருக்கலாம்.

கேள்வி: விளக்கு அலங்காரத்தில் பழைய மாளிகையை எடுத்தேன். வானத்தில் பச்சைப் புள்ளிகள் மிதக்கின்றன. லென்ஸ் பழுதா? யூ.வி. ஃபில்டர் போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: அந்தப் பத்திரம்தான் வில்லன். விளக்கொளி சென்சாரில் பட்டுத் திரும்பி, தட்டையான ஃபில்டரின் பின்பக்கம் மோதி, மறுபடி சென்சாரில் விழுகிறது. படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறத்தில், தலைகீழாக, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் இருக்கும், பொருத்திப் பாருங்கள். கழற்றிவிட்டு அதே படத்தை எடுங்கள், பேய் ஓடிவிடும்.

ஃபிலிம் காலத்தில் புற ஊதா ஒளியால் தூரத்துக் காட்சி நீலம் பாரித்தது. ஃபில்டருக்கு வேலை இருந்தது. டிஜிட்டல் சென்சாரின் மேலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு லென்ஸோடும் இதை ஒட்டி விற்பது நிற்கவில்லை. "இலவசத் தொகுப்பு" என்று ஃபில்டர், குட்டி ட்ரைபாட், துணி எல்லாம் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள். தனியாக வைத்தால் எவரும் வாங்காத பொருளுக்கு இலவசம் என்று பெயர். கடற்சாரலிலோ புழுதியிலோ போடுங்கள், சரி. மற்ற நேரத்தில் லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் போதும்: எதிலாவது இடிபட்டாலும் தாங்கும், பக்கவெளிச்சத்தையும் மறைக்கும்.

ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்குவேன் என்றால் போலரைசர் வாங்குங்கள். பூங்காவில் இலைகளின் மினுமினுப்பை நீக்கி உண்மையான பச்சையைக் கொண்டுவருவதை மென்பொருளால் முழுதாகச் செய்ய முடியாது. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). சூரியனுக்குச் செங்கோணத்தில் வானம் அதிகம் கறுக்கும். அகலக்கோண லென்ஸில் அந்தக் கறுப்பு பட்டையாகத் தெரியும், அப்போது வானத்தைக் குறையுங்கள். உங்கள் லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு, 77 எம்.எம். என்றால் அதற்கே, ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் ரிங் போடுங்கள். போலியா என்று பார்க்க, கேமராவில் மாட்டும் மரை கண் பக்கம் இருக்க, எல்.சி.டி. திரையை அதன் வழியே பார்த்துச் சுழற்றுங்கள். ஒரு கட்டத்தில் திரை இருண்டுபோக வேண்டும்.

கேள்வி: இணையத்தில் பழைய லென்ஸ் வாங்கினேன். உள்ளே நூல் நூலாக ஏதோ இருக்கிறது. "வெறும் தூசு" என்கிறார் விற்றவர்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார். தூசு புள்ளியாக இருக்கும். சிலந்திவலை போலக் கிளைத்தால் பூஞ்சை. லென்ஸைத் திறக்கவோ துடைக்கக் கொடுக்கவோ வேண்டாம், பழி உங்கள் மேல் திரும்பும். லென்ஸின் ஒளித்துளையை (அப்பர்ச்சர்) முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள். விளம்பரத்தில் அவர் எழுதியிருந்ததையும் சேமியுங்கள். திருப்பித்தரும் கெடு முடியுமுன், தளத்தின் வழியாகவே எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசிச் சமாதானமாகாதீர்கள். அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் முறையிடுங்கள். "துடைத்துத் தருகிறேன்" என்பதை ஏற்க வேண்டாம்: நூல் போனாலும், கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தழும்பு போகாது.

அடுத்த முறை டார்ச்சோடு ஒரு செங்கல் சுவரும் தேடுங்கள். நேரெதிரே நின்று, துளையை முழுதாகத் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

கேள்வி: பூங்காவில் நடமாடுபவர்களை மறைக்க, திருகித் திருகிக் கறுப்பாக்கும் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) வாங்கலாமா?

பதில்: நானும் ஒன்று வாங்கினேன், வானத்தில் பெருக்கல் குறி போட்டுத் தந்தது. அலமாரியில் தூங்குகிறது. நிலையான 10 ஸ்டாப் ஃபில்டர் 1/60 நொடி ஷட்டர் நேரத்தை 17 நொடியாக்கும், நடப்பவர்கள் மறைவார்கள். ஆனால் இலைகளும் குழம்பிப்போகும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அப்படியே இருப்பார். கேமராவை அசையாமல் நிறுத்தி, பத்துப் பத்து நொடி விட்டு 20 படம் எடுத்து, மென்பொருளில் 'மீடியன்' முறையில், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பை எடுத்து, சேருங்கள். ஃபில்டரே வேண்டாம்.

கேள்வி: ட்ரைபாட் வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நடுத்தண்டைத் தூக்காமலே கண்மட்டத்துக்கு வருகிறதா என்று. தூக்கிய தண்டு காற்றில் ஆடும். நீங்கள் எடுக்கப்போகும் கட்டடத்தில் ட்ரைபாட்டை உள்ளே விடுவார்களா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் விடுவதில்லை.