நேரம் எல்லோருக்கும் ஒன்றாக ஓடுவதில்லை: கேள்வி பதில்

கொழும்பில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் அதிகம் கேட்பது நேரத்தைப் பற்றித்தான். அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே ஆறுதலாகப் பதில் சொல்கிறேன்.

வேகமாகப் போகிற மணிக்கூடு மெதுவாக ஓடும் என்கிறார்களே சேர், வேகத்தில் அதன் உள்பொறி பாதிக்கப்படுவதால்தானே? (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

இல்லை மகள். பொறியே இல்லாத ஒன்றுக்கும் இது நடக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நமது வளிமண்டலத்தின் மேற்பகுதியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மோதும்போது மியூவோன் என்ற துணிக்கைகள் பிறக்கின்றன. ஒரு மியூவோனின் சராசரி ஆயுள் ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த ஆயுளுக்குள் 660 மீட்டர்தான் போக முடியும். கணக்குப்படி அநேகமாக எல்லாமே வழியில் அழிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியை எழுதிய உங்கள் உள்ளங்கை வழியாக இப்போதும் செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்று கடந்து போகிறது. நம் பார்வையில் அவற்றின் நேரம் மெதுவாக நகர்வதால்தான் கீழே வந்து சேர்கின்றன. இதைத்தான் நேர விரிவு என்கிறோம். 1970களில் ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் மியூவோன்களை ஒளியின் வேகத்தில் 99.94 சதவீத வேகத்தில் வளையத்தில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். ஆயுள் 29 மடங்கு நீண்டது. ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சமன்பாடு சொன்னதும் அதே அளவுதான்.

பல்சக்கரம் இல்லை, பற்றரி இல்லை. மெதுவானது நேரமே.

அப்படி வேகமாகப் போகும் விண்கப்பலில் இருப்பவருக்கு எல்லாம் மெதுவாக நடப்பது போல இருக்குமா? (அவருடைய அம்மா)

இருக்காது அக்கா. இதயத் துடிப்பும் சிந்தனையும் கையிலுள்ள மணிக்கூடும் எல்லாம் ஒரே விகிதத்தில்தான் மாறும். அதனால் அவருக்கு ஒரு செக்கன் ஒரு செக்கன்தான். திரும்பி வந்து மற்றவருடைய மணிக்கூட்டுடன் ஒப்பிட்டால் மட்டுமே தெரியும்.

1996இல் அரசாங்கம் நேரத்தை மாற்றியபோது நாங்கள் மணிக்கூட்டைத் திருப்பி வைத்தோம். அதுவும் இதுவும் ஒன்றா? (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பம்பலப்பிட்டி)

நல்ல கேள்வி ஐயா. இரண்டும் வேறு. மின்சாரத் தட்டுப்பாட்டால் அந்த வருடம் மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் மறுபடி கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய கணக்குக்கே வந்தோம். இதெல்லாம் ஒரு கணத்தை எத்தனை மணி என்று அழைப்பது என்பதில் செய்த மாற்றம். அன்று யாருக்கும் வயது கூடவுமில்லை, குறையவுமில்லை. நேர விரிவில் முள்ளை யாரும் தொடுவதில்லை. ஒரே மாதிரியான இரண்டு அணு மணிக்கூடுகளைச் சரிபார்த்துப் பிரித்து அனுப்பி, பிறகு சேர்த்து வைத்தால், அவை எண்ணிய செக்கன்களே வேறாக இருக்கும்.

என் போனில் வழிகாட்டும் மேப்புக்கும் ஐன்ஸ்டைனுக்கும் தொடர்பு இருக்கிறது என்று மகன் சொல்கிறான். உண்மையா? (த்ரீவீலர் ஓட்டுநர், கொட்டாஞ்சேனை)

மகன் சொன்னது சரி அண்ணா. உங்கள் போன் ஜிபிஎஸ் செய்மதிகளிடமிருந்து வரும் நேரத்தை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கிறது. அவை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் அவற்றின் மணிக்கூடுகள் ஒரு நாளைக்கு 7 மைக்ரோ செக்கன் (ஒரு மைக்ரோ செக்கன் என்பது செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) பிந்தும். ஆனால் அங்கே பூமியின் ஈர்ப்பு குறைவு, அதனால் 45 மைக்ரோ செக்கன் முந்தும். ஈர்ப்பு கூடிய இடத்தில் நேரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் 1915இல் முடித்த பொதுச் சார்புக் கொள்கையிலிருந்து வருவது. கழித்துப் பார்த்தால் நாளுக்கு 38 மைக்ரோ செக்கன் முந்துகிறது. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கோட்டையிலிருந்து ஏறக்குறைய கல்கிசை வரைக்கும்.

இந்த 38 மைக்ரோ செக்கனைத் திருத்தாவிட்டால் மேப் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழைக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. எல்லாச் செய்மதிகளும் ஒரே அளவு முந்தினால் கணக்கில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் பாதைகள் சரியான வட்டமில்லாததால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிழையும் வரும், அதையும் திருத்த வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது 1977இல் நடந்தது. என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செய்மதியை ஏவும்போது இந்த விளைவு உண்மையில் இருக்குமா என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. அதனால் திருத்தும் கருவியைப் பொருத்தி, அதை இயக்காமலே மேலே அனுப்பினார்கள். சுமார் 20 நாள் பார்த்தார்கள். மணிக்கூடு கொள்கை சொன்ன அளவுக்கு முந்திக்கொண்டே போனது. அப்புறம்தான் கருவியை இயக்கினார்கள்.

என் தங்கச்சி நுவரெலியாவில், நான் இங்கே. யாருக்கு வயது சீக்கிரம் போகும்? (வங்கி ஊழியர், தெஹிவளை)

தங்கச்சிக்கு, உயரத்தில் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதால். உயர வித்தியாசம் சுமார் 1,870 மீட்டர் என்று எடுத்தால் வருடத்துக்கு ஆறு மைக்ரோ செக்கன் அளவில். எழுபது வருடம் இருந்தாலும் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

இரட்டையரில் ஒருவர் விண்கப்பலில் வேகமாகப் போய்த் திரும்பினால் அவரே இளையவர் என்கிறார்கள். வேகம் சார்பானது என்றால், இருவருமே மற்றவருடைய நேரம்தான் மெது என்று சொல்லலாமே. யார்தான் இளையவர்? (பொறியியல் மாணவன், மருதானை)

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவார்கள் தம்பி. பிரிந்து போய்க்கொண்டிருக்கும்வரை இருவர் சொல்வதும் சரிதான். அந்த நிலையில் தூரத்தில் இருப்பவரின் "இப்போது" எது என்பதிலேயே இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். அருகருகே வைத்து ஒப்பிட வேண்டுமென்றால் ஒருவர் திரும்ப வேண்டும். திரும்பியது யார் என்பதில் சந்தேகமே இல்லை, அவர் உடம்பே அதை உணரும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஒருவர் கடுகண்ணாவை வழியாகவும் மற்றவர் குருநாகல் வழியாகவும் காரில் போகிறார்கள். கண்டியில் சந்திக்கும்போது கிலோமீட்டர் மீட்டர்கள் வேறு வேறு தூரம் காட்டும். எந்த மீட்டரும் பழுதில்லை, வந்த பாதைதான் வேறு. மணிக்கூடும் தான் வந்த பாதையைத்தான் அளக்கிறது. ஒரேயொரு வித்தியாசம்: வீதியில் சுற்றிப் போனவருக்கு எண் கூடும், நேரத்தில் சுற்றிப் போனவருக்கு எண் குறையும். அதனால் திரும்பி வந்தவரே இளையவர்.

1971இல் ஹேஃபலி, கீட்டிங் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் சீசியம் அணு மணிக்கூடுகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். தரையில் இருந்தவற்றோடு ஒப்பிட்டால், கிழக்கே போனவை 59 நனோ செக்கன் (ஒரு நனோ செக்கன் என்பது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிந்தின, மேற்கே போனவை 273 நனோ செக்கன் முந்தின. கிழக்கே போகிறபோது பூமியின் சுழற்சியும் வேகத்தோடு சேர்ந்துகொள்வதால்தான் இந்த வித்தியாசம். உண்மையான இரட்டையர் உதாரணமும் உண்டு: அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்கொட் கெல்லி 2015-16இல் விண்வெளி நிலையத்தில் 340 நாள் இருந்தார். அந்தப் பயணத்தில் மட்டும் அவர் சகோதரர் மார்க்கைவிட ஏறத்தாழ 8 மில்லி செக்கன், அதாவது செக்கனில் ஆயிரத்தில் 8 பங்கு, குறைவாக வயதானார்.

புராணத்தில் ரேவதியின் தகப்பன் பிரம்மலோகம் போய்த் திரும்பும்போது பூமியில் பல யுகங்கள் கடந்திருந்தன. நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள்தானே? (கோவிலில் தொண்டு செய்பவர், கொட்டாஞ்சேனை)

அந்தக் கதை எனக்கும் மிகப் பிடிக்கும். எல்லா இடத்திலும் நேரம் ஒன்றாக ஓட வேண்டியதில்லை என்று கற்பனை செய்வதே பெரிய விஷயம். ஆனால் எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு பிந்தும் என்று முன்கூட்டிச் சொல்லி, அளந்து பார்ப்பதுதான் விஞ்ஞானம். கதை அதைச் செய்யவில்லை, செய்ய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. கதையாகவே அது நிற்கட்டும் ஐயா.

பின்னோக்கிப் போகலாமா?

எதிர்காலத்துக்குப் போகலாம், மேலே சொன்னதெல்லாம் அதுதான். கடந்த காலத்துக்குப் போனதாக ஒரு அளவீடும் இல்லை. நேரத்துக்கு ஏன் ஒரு திசை என்பதற்கு 19ஆம் நூற்றாண்டுப் பௌதிகவியலாளர் போல்ட்ஸ்மன் கொடுத்த விளக்கம்தான் இன்றும் பெரும்பாலும் நிற்கிறது: ஒழுங்கான நிலைகள் மிகச் சில, குழம்பிய நிலைகள் எண்ணற்றவை. அதனால் போக்கு குழப்பத்தை நோக்கித்தான். பிரபஞ்சம் ஏன் அவ்வளவு ஒழுங்காகத் தொடங்கியது என்பது இன்னும் தீராத கேள்வி.

இதைப் படிக்கப் பெரிய கணிதம் வேண்டுமா? (தரம் 11 மாணவன், வெள்ளவத்தை)

தொடங்குவதற்குப் பைதகரஸ் தேற்றம் போதும் தம்பி. ஓடும் ரயிலில் தரையிலும் கூரையிலும் கண்ணாடி வைத்து, நடுவே ஒளி மேலும் கீழும் போவதாக வரைந்து கொள்ளுங்கள். வெளியே நிற்பவருக்கு அந்தப் பாதை சாய்வாகத் தெரியும், ஆகவே நீளம் கூட. ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றுதான் என்று வைத்துச் செங்கோண முக்கோணத்தைத் தீருங்கள். ரயிலின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.6 என்றால், நேரம் 1.25 மடங்கு நீள வேண்டும். வராவிட்டால் வரைந்த தாளோடு அடுத்த கிழமை வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.