கார் தொலைந்தாலும் கடன் தொலையாது: 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' எடுக்கலாமா?

கேள்வி: எக்ஸ்-ஷோரூம் விலை 10 லட்சம் ரூபாயில் புது கார் புக் செய்திருக்கிறேன். வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்த்து ஆன்-ரோடு 11.80 லட்சம். கையிலிருந்து 1.80 லட்சம் போட்டு, மீதி 10 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் 7 வருடக் கடனாக வாங்குகிறேன். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்று ஷோரூமில் கூடுதலாக 3,400 ரூபாய் கேட்கிறார்கள். கடன் நிறுவனத்தின் ஆளோ, "அதெல்லாம் வேண்டாம், 28,000 ரூபாய்க்கு லோன் இன்சூரன்ஸ் போட்டால் போதும்" என்கிறார். எதை எடுப்பது?
- வாசகர், திருப்பூர்

பதில்: ரிட்டர்ன் டு இன்வாய்ஸை எடுங்கள். கார் திருடு போனாலோ, முழுச் சேதம் ஆனாலோ தேய்மானம் கழிக்காமல் பில் தொகையைத் தரும் கூடுதல் காப்பீடு (ஆட்-ஆன்) இது. அந்த லோன் இன்சூரன்ஸ் வேறு சங்கதி. கடன் வாங்கியவர் இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ கடனை அடைப்பதற்கானது அது. கார் திருடு போனால் அதிலிருந்து ஒரு பைசா வராது. குடும்பத்துக்கு அது தேவையா என்பதைத் தனியாக யோசியுங்கள். அதை எடுத்தால்தான் கடன் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பெரும்பாலும் அந்தப் பிரீமியத்தையும் கடன் தொகையிலேயே ஏற்றிவிடுவார்கள். 7 வருடமும் அதற்கும் வட்டி ஓடும். தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

இனி காருக்கு வருவோம். கார் திருடு போனாலோ, முழுச் சேதம் ஆனாலோ சாதாரண பாலிசி தருவது ஐ.டி.வி. எனப்படும் மதிப்பு மட்டுமே. இது எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்து தேய்மானம் கழித்த தொகை. நீங்கள் கட்டிய சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இதில் சேராது. வழக்கமான அட்டவணைப்படி 6 மாதம் வரை 5 சதவீதமும், ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40 சதவீதமும் கழியும்.

உங்கள் மாதத் தவணை சுமார் 16,344 ரூபாய். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகும் அசலில் 8.94 லட்சம் பாக்கி நிற்கும். இரண்டாம் வருட பாலிசியில் ஐ.டி.வி. 8 லட்சம். புதுப்பித்த மறுவாரமே கார் திருடு போனால் 94,000 ரூபாய் துண்டு விழும். இல்லாத காருக்கு அந்தப் பணத்தை நீங்கள் கட்ட வேண்டும், போட்ட 1.80 லட்சமும் போனதுதான். முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடத்தில்தான் பள்ளம் பெரிது. மூன்றாம் வருடத் தொடக்கத்திலும் பாக்கி 7.78 லட்சம், ஐ.டி.வி. 7 லட்சம்.

சட்டம் இதில் உங்களுக்குச் சாதகமாக இல்லை. காரை ஈடாக வைத்தது ஒன்று, கடனைத் திருப்புவேன் என்று எழுதிக் கொடுத்தது இன்னொன்று. ஈடு அழிந்தாலும் வாக்குறுதி நிற்கும். ஆர்.சி.யிலும் பாலிசியிலும் கடன் நிறுவனத்தின் பெயர் இருப்பதால் இழப்பீடு முதலில் அவர்களுக்குப் போகும், மிஞ்சினால்தான் உங்களுக்கு. கிளெய்ம் நடக்கும் மாதங்களில் "கார்தான் இல்லையே" என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் தானாகக் கழியும் தவணை பணமில்லாமல் திரும்பினால், 2007-ம் ஆண்டின் பணம் செலுத்துகை மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவில் குற்ற வழக்கே போடலாம். செக் பவுன்ஸ் வழக்கின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் உங்கள் கடன் பாக்கியைப் பார்ப்பதில்லை, பில் தொகையைப் பார்க்கிறது. மேலே சொன்ன அதே திருட்டில் 10 லட்சம் வந்தால் கடன் தீர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். ஆனால் எல்லா நிறுவனத்தின் வாசகமும் ஒன்றல்ல. சிலர் பில் விலையோடு நிறுத்திக்கொள்வார்கள், சிலர் சாலை வரி, பதிவுக் கட்டணத்தையும் தருவார்கள். உங்களுக்கு இது 1.35 லட்சம் ரூபாய் வித்தியாசம் என்பதால், பணம் கட்டும் முன் அந்த ஆட்-ஆனின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை வயது கார் வரை கிடைக்கும் என்பதும் அதில் இருக்கும். பொதுவாக 3 வருடம். நிலுவைத் தவணையும் அபராதக் கட்டணமும் எதிலும் வராது.

'ஜீரோ டெப்' இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது ரிப்பேரில் மாற்றும் பாகங்களுக்கான தேய்மானத்தை மட்டும் பார்க்கும். முழு இழப்பில் ஐ.டி.வி.யோடு சரி.

முழுச் சேதம் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே நின்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் வேலை செய்யாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் போல கார் தண்ணீரில் நின்று, நீங்கள் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், அந்தச் செலவைச் சாதாரண பாலிசி ஏற்காது. எஞ்சின் பில்லைக் கழித்தபின் மதிப்பீடு 75 சதவீதத்தைத் தொடாமலே போகலாம். வெள்ளம் நிற்கும் தெருவில் வீடு என்றால் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஷோரூமில் "மூணு வருஷ இன்சூரன்ஸ்" என்று சொல்வது மூன்றாம் தரப்புக் காப்பீடு. உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் அதோடு ஒட்டியது. அடுத்த வருடம் ஆன்லைனில் மலிவான பிரீமியத்தைத் தேடும்போது பலர் இந்த ஆட்-ஆனுக்கான டிக்கை எடுத்துவிடுவார்கள், அதுவும் பள்ளம் ஆழமான அந்த வருடத்தில். பாலிசி அட்டவணையில் ஆட்-ஆன் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஷோரூம் ரசீதில் இருந்தால் போதாது.

திருடு போனால் அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020-ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். இரண்டு சாவியும் கேட்பார்கள். ஒன்று குறைந்தால் அங்கேயே இழுபறி தொடங்கும். கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றிதழும், ஒரிஜினல் பில்லும், வரி ரசீதும் வேண்டும். பில்லை இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள்.

குறைத்துக் கொடுத்தாலோ மறுத்தாலோ முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருடம் அவகாசம்.