விழுந்து எலும்பு முறிந்தவர்களின் கேள்விகளும் ஓர் இயன்மருத்துவரின் பதில்களும்

அரச வைத்தியசாலைகளில் 31 ஆண்டுகள் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கொழும்பில் மழை பிடித்துவிட்டால், வழுக்கி விழுந்தவர்களின் கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. சென்ற கிழமை வந்தவற்றுள் என் துறைக்குட்பட்டவற்றிற்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லேன். ஆகையால் எக்ஸ்றே படங்களை எனக்கு அனுப்ப வேண்டாம்.

தெஹிவளையிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 62 வயது. குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிளாஸ்டர் போட்டு இரண்டு கிழமை ஆகின்றது. விரல்கள் வீங்கியிருப்பதால் அசைக்கவே பயப்படுகிறார். ஓய்வாக விடுவதுதானே நல்லது, அக்கா?

இல்லை, தங்கச்சி. ஓய்வு முறிந்த எலும்புக்குத்தான். முறியாத விரல்களுக்கு அல்ல.

கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பு முறிந்து பின்புறமாகச் சாய்வதைக் கொலிஸ் முறிவு என்பார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணரான ஆபிரகாம் கொலிஸ், எக்ஸ்றே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகள் முன்னதாக, 1814 இல், கண்ணையும் கையையும் மட்டுமே நம்பி அதை விவரித்து எழுதினார். மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி குறைவதால் உங்கள் அம்மாவின் வயதுப் பெண்களிடமே இதை அதிகம் காண்கிறோம். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகின்றது. இரண்டு மூன்று கிழமைகளில் அங்கே மென்மையான இணைப்புத் திசு வளர்கின்றது. பின்னர் அதிலே சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகுகின்றது. ஏறத்தாழ ஆறு கிழமையில் பிளாஸ்டரை அகற்றும் அளவுக்கு எலும்பு பொருந்திவிடும். இதற்காக நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. எலும்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மூட்டுகள் அப்படியல்ல. ஆறு கிழமை அசையாமல் கிடந்த விரலை மடக்கவைப்பதற்கு நான் பட்ட பாடும், நோயாளி பட்ட வேதனையும், எலும்பு முறிந்தபோது பட்ட வேதனைக்குக் குறைந்தவை அல்ல.

மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பத்து முறை, விரல்களை முழுதாக விரித்து, பிளாஸ்டர் இடங்கொடுக்கும் அளவுக்கு உள்ளங்கையை நோக்கி மடக்கச் சொல்லுங்கள். பெருவிரல் நுனி ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டு தேறும்போது தோள்மூட்டு இறுகிவிடும். இருக்கும்போதும் படுக்கும்போதும் தலையணைகளை அடுக்கிக் கையை நெஞ்சை விட உயரத்தில் வைத்தால் வீக்கம் வடியும். அந்தக் கையில் மோதிரமோ காப்போ இன்னும் இருந்தால் இன்றே கழற்ற வேண்டும். கழலாவிட்டால் வெட்டுவிக்க வேண்டும். விரல்கள் நீலம் பாரித்தாலோ, விறைத்தாலோ, அவற்றை நிமிர்த்தும்போது தாங்க முடியாத நோவு எழுந்தாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இதை ஊருக்குச் சொல்லத் தெரிந்த நானே மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் தொடர்மாடியின் வாசற்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். முதல் இரண்டு கிழமையும் கையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தேன். பிளாஸ்டரை வெட்டிய அன்று என்னால் சோற்றைக் குழைத்து ஒரு பிடி உருட்ட முடியவில்லை. அது மீண்டும் கைகூட நான்கு மாதம் ஆயிற்று.

வத்தளையிலிருந்து: எலும்பு விரைவில் பொருந்த ஆட்டெலும்புச் சூப் குடிக்கலாமா?

குடியுங்கள், சுவையானது. ஆனால் அதில் இறங்கும் கல்சியம் மிகக் குறைவு. முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, தயிர், கீரை ஆகியவை அதைவிட மேல். புரதத்துக்கு முட்டையும் பருப்பும் போதும். புகைப்பவராயின், சூப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் புகைப்பதை நிறுத்துங்கள். எலும்பு பொருந்துவதை அது தாமதப்படுத்தும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு 78 வயது. இரவில் எழுந்து சென்றபோது விழுந்து இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை வேண்டும் என்கிறார்கள். இந்த வயதில் வெட்ட வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று பெரியப்பாமார் சொல்கிறார்கள்.

தம்பி, பெரியப்பாமாரின் அச்சம் எனக்கு விளங்குகின்றது. ஆனால் இந்த முறிவில் ஆபத்து கத்தியில் இருப்பதைவிடக் கட்டிலில் அதிகம் இருக்கின்றது. இந்த வயதில் கிழமைக்கணக்காக மல்லாந்து கிடப்பவருக்குச் சளி இறங்கி நியுமோனியா வரும், காலில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும், முதுகிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும். மயக்கமருந்து வைத்தியர் உடல்நிலையைப் பார்த்து இணங்கினால், ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்து, முடிந்தால் மறுநாளே எழுப்பி நிற்கவைப்பதுதான் இன்றைய முறை. சத்திரசிகிச்சைக்கு மறுநாள் ஒரு கிழவரைப் பிடித்து எழுப்பும் எங்களைக் கல்நெஞ்சர் என்று ஏசாத குடும்பம் குறைவு. உங்கள் குடும்பமும் ஏசட்டும், அவரை எழுப்ப மட்டும் விடுங்கள்.

வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விழுந்த முதியவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இந்த முறிவையே சந்தேகியுங்கள். காலைப் பிடித்து இழுக்காமல், முச்சக்கரவண்டியில் மடித்து ஏற்றாமல், 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: பிளாஸ்டருக்குள் கடிக்கிறது. அடிமட்டத்தால் சொறியலாமா?

கூடாது. தோல் கிழிந்து உள்ளே சீழ் பிடித்தால் எவருக்கும் தெரியாது. விசிறிக் காற்றுப் படும்படி இருங்கள்.

மட்டக்குளியிலிருந்து: எங்கள் பாட்டனாருக்கு முறிவு வைத்தியர் ஒருவர் எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, மூங்கிற் பட்டை வைத்துக் கட்டி ஒன்றரை மாதத்தில் நடக்கவைத்தார். ஆங்கில வைத்தியம்தான் எதற்கெடுத்தாலும் வெட்டித் தகடு வைக்கின்றது.

அதைக் கண்டு கிருலப்பனையிலிருந்து: என் மைத்துனரின் கையைக் கெடுத்ததே அப்படிப்பட்ட ஒருவர்தான், அன்ரி. இவர்கள் எல்லோரையும் தடை செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

இருவரும் ஆளுக்கொரு நோயாளியை வைத்துக்கொண்டு வழக்காடுகிறீர்கள். முறிவு நெரிவு வைத்தியம், சிங்களத்தில் கடும் பிந்தும், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றுச் செய்யப்படும் வைத்தியம். ஆகவே எல்லோரையும் போலி என்று நான் எழுதமாட்டேன். பட்டை வைத்துக் கட்டுவதில் உள்ள அறிவும் பொய்யல்ல. ஒல்லாந்து இராணுவ வைத்தியர் அன்டோனியஸ் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் பிளாஸ்டர் தோய்த்த துணிக்கட்டை அறிமுகப்படுத்தும் வரையில், ஐரோப்பியரும் மரச்சட்டங்களையும் பெருமளவில் நம்பியிருந்தார்கள். விலகாத முறிவு ஒன்றை அசையாமல் வைத்தால், கட்டியவர் எவராயினும் அது பொருந்தும். மட்டக்குளிக்காரரின் பாட்டனாருக்கு நடந்தது அதுவாகவே இருக்கலாம்.

ஆனால் விரலால் தடவிப் பார்ப்பவருக்கு, முறிவு மூட்டுக்குள் ஓடியிருப்பதோ, சில்லாக உடைந்திருப்பதோ தெரியாது. அதிலும் நான் அஞ்சுவது சிறுபிள்ளையின் முழங்கை முறிவுக்குத்தான். அங்கே நாடியும் நரம்பும் எலும்பை ஒட்டிச் செல்கின்றன. வீங்கும் கையை இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாமல் சில மணித்தியாலங்களிலேயே முன்கைத் தசை இறக்கத் தொடங்கும். பின்னர் அது சுருங்கி, விரல்கள் கொக்கிபோல் வளைந்து நின்றுவிடும். ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ரிச்சட் ஃபொன் வொல்க்மன் 1881 இல் இதை விவரித்தபோது இறுக்கமான கட்டையே காரணமாகச் சொன்னார். கிருலப்பனைத் தம்பியிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: இறுக்கமான பிளாஸ்டரால் அப்படி ஆன கையையும் நான் கண்டிருக்கிறேன், அதைப் போட்டது வைத்தியசாலைதான்.

மீண்டும் மட்டக்குளி: அப்படியென்றால் எக்ஸ்றே எடுத்துக்கொண்டு முறிவு வைத்தியரிடம் போகலாமா?

எக்ஸ்றே முதலில், எலும்பு வைத்திய நிபுணரின் கருத்து அடுத்தது. தோலைக் கிழித்து வெளிவந்த முறிவு, மூட்டு முறிவு, இடுப்பு, முதுகெலும்பு, பிள்ளைகளின் முழங்கை ஆகியவற்றை எந்த ஒழுங்கிலும் முறிவு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டாம்.

இடையில் புகுந்த கொம்பனித்தெரு: எண்ணெய் உள்ளே ஊறி எலும்பை ஒட்டாதா?

ஒட்டாது. பிளாஸ்டர் கழன்ற பின் வறண்ட தோலுக்கும் இறுகிய தசைக்கும் எண்ணெய் பூசி வருடுவது இதமாக இருக்கும். முறிவு பொருந்துமுன் உருவினால் பொருந்துவதையும் குலைத்துவிடும். இந்த வழக்கில் என் ஒரு பிற்பகல் முழுவதும் போய்விட்டது, இத்துடன் நிறுத்துகிறேன்.

இரத்மலானையிலிருந்து ஒரு மாணவர்: மோட்டார் சைக்கிளிலிருந்து கையூன்றி விழுந்தேன். எக்ஸ்றேயில் முறிவு இல்லை என்றார்கள். பத்து நாளாகியும் பெருவிரலின் அடியில் நோகின்றது.

மீண்டும் போங்கள். பெருவிரலை விரித்து நீட்டும்போது அதன் அடியில் இரு தசைநாண்களுக்கிடையே ஒரு குழி தோன்றும். அங்கே அழுத்தும்போது நொந்தால், ஸ்கேபொயிட் என்னும் சிற்றெலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்றேயில் அது பல வேளைகளில் தெரியாது; பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எடுத்தால் தெரியக்கூடும், அல்லது ஸ்கான் எடுப்பார்கள். அதற்கு இரத்தம் பெரும்பாலும் ஒரு முனையாலேயே செல்வதால், கவனியாது விட்டால் பொருந்தாமலே போய் இளவயதிலேயே மூட்டுத் தேய்வு வரும். சுளுக்கு என்று நினைத்துக் கிரிக்கெட் விளையாடப் போக வேண்டாம்.

நுகேகொடையிலிருந்து: டொக்டர், எலும்புக்கு என்ன சூப் நல்லது?

மேலே வாசியுங்கள். நான் டொக்டர் அல்லேன்.

மருதானையிலிருந்து: படம் இணைத்திருக்கிறேன், தகடு வைக்க வேண்டுமா என்று சொல்ல முடியுமா?

முடியாது. உங்களைப் பார்த்த நிபுணரிடமே கேளுங்கள். படத்தில் மோதிரம் தெரிகின்றது, அதைக் கழற்றுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொருவர்: கல்சியம் குளிசையோடு நெஞ்செலும்புச் சூப்பும்...

சூப்பைப் பற்றி இனிப் பதில் இல்லை. குளிசையை, முக்கியமாகச் சிறுநீரகக் கல் உள்ளவர்கள், வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெண்மணி, வயது 67: கணுக்கால் முறிந்து ஐந்து மாதம். எலும்பு பொருந்திவிட்டது என்கிறார்கள். ஆனாலும் படி இறங்கப் பயமாக இருக்கின்றது. மூன்றாம் மாடி, லிப்ட் அடிக்கடி பழுது. சந்தைக்குப் போயே பல மாதம் ஆகின்றது.

அந்தப் பயம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல, அக்கா. எனக்கும் வாசற்படியைக் கண்டால் ஒரு வருடம் வரையில் வயிற்றைக் கலக்கிற்று. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது முறிந்த காலை முதலில் வையுங்கள். ஒரு கை எப்போதும் கைபிடியில் இருக்கட்டும். பையைத் தோளில் மாட்டுங்கள். முதல் மூன்று நாட்கள் ஒரு தளம் மட்டும் இறங்கி, ஒருவர் உங்களுக்கு ஒரு படி கீழே நிற்க, திரும்பி ஏறுங்கள். வீட்டில் சமையலறைத் திண்ணையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கப் பழகுங்கள். சந்தைக்கு முதல் தடவை மழையில்லாத காலையில், மீன் பக்கத்து ஈரத் தரைக்குப் போகாமல், குதிப்பட்டி உள்ள செருப்புடன் போங்கள். நான் செவ்வாய்க்கிழமைகளில் ஏழரை மணிக்குப் போவது வழக்கம். துணை வேண்டுமானால் எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.