ஃபேன்டஸி கதைகளில் நல்லவனே விதியை மீறினால், அவன் இன்னும் நல்லவன்தானா?

என்னைக் கேட்டால், அந்த மீறலைக் கதை மறக்கிறதா, ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பாக்ஸிங் பைத்தியம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் குத்துச்சண்டைக்காரர்கள் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்திருந்தார்கள். தாத்தா சார்பட்டா. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பொன்னேரி பக்கம் சொந்தக்காரர் ஊரில் திரௌபதி அம்மன் தீமிதிக்குப் போயிருந்தோம். அன்று படுகளம். மண்ணாலேயே துரியோதனனை மல்லாக்கப் படுத்த மாதிரி செய்து வைத்திருந்தார்கள். அவன் கால் மட்டுமே என் உயரத்துக்கு மேல். பீமன் வேஷக்காரர் தொடையில் ஓங்கி அடித்ததும் சனம் ஆர்ப்பரித்தது. தாத்தா மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "பெல்ட்டுக்குக் கீழ அட்ச்சிட்டான்டா. ஃபவுலு."

அவர் சொன்னது சரிதான். கதாயுதச் சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. பாரதத்தில் அந்த இடத்தில் ரெஃப்ரி மாதிரி பலராமரும் நிற்கிறார். இரண்டு பேருக்கும் வாத்தியார் அவர்தான். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பீமனை அடிக்கவே பாய்கிறார். கண்ணன் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் பீமன் பக்கமும் நியாயம் இருக்கிறது. சபையில் திரௌபதிக்குத் தொடையைக் காட்டினான் துரியோதனன்; அதை உடைப்பேன் என்று அன்றே சபதம் போட்டாயிற்று. சபதத்தைக் காப்பாற்றினால் போர் விதி போச்சு, விதியைக் காப்பாற்றினால் சபதம் போச்சு.

அண்ணன் மகன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவன்; ஆளுக்கொரு ஃபேன்டஸி பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு அது. 1974-ல் வந்த அந்த விளையாட்டில் பாத்திரங்களின் குணத்துக்கு முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே பிரிவுதான். பிறகு நன்மை தீமையும் சேர்ந்து ஒன்பது கட்டமாயிற்று. பீமனை எந்தக் கட்டத்தில் போடுவாய் என்று அவனிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சித்தப்பா, ஒரே ஆளு ரெண்டு கட்டத்துல நிக்கலாமா?" என்றான்.

இப்போது வரும் பல ஃபேன்டஸிகளில் எல்லோருமே கத்தியும் கையுமாக அலைகிறார்கள். அதை நல்லதும் கெட்டதும் கலந்த சாம்பல் நிறம் என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. விதியே இல்லாத ஊரில் யார் அடித்தால் என்ன, எங்கே அடித்தால் என்ன? கோடு போட்டிருந்தால்தானே ஃபவுல் தெரியும். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். தீய சக்தி கொண்ட மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கத்தான் கதாநாயகன் ஃப்ரோடோ அத்தனை தூரம் நடக்கிறான். எரிமலை விளிம்பில் நின்றுகொண்டு தர மாட்டேன் என்கிறான். காரியத்தை முடித்துவைப்பது, அவன் விரலைக் கடித்து மோதிரத்தோடு நெருப்பில் விழும் கோல்லம் என்ற ஜந்து. வென்று ஊர் திரும்பிய பிறகும் ஃப்ரோடோவுக்குக் காயம் ஆறுவதில்லை.

பாரதம் இன்னும் கறார். கடைசியில் தர்மன் சொர்க்கத்துக்குப் போனால் அங்கே துரியோதனன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். கல்லூரி நாளில் இதைப் படித்துவிட்டுத் தாத்தாவிடம் சொன்னேன்.

"அப்போ பீமன் எங்கடா?"

"கொஞ்ச நேரம் நரகத்துல, தாத்தா."

"அதான். பாயின்ட் கொறச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.