குவோல் பூனையா, ஆன்டிகைனஸ் எலியா? – கேள்வி பதில்

கே: குவோலைப் பழைய நூல்களில் 'நேட்டிவ் கேட்' என்று போட்டிருக்கிறார்களே, பூனை இனமா?

ப: இல்லை, ஆஸ்திரேலியாவில் வாழும், வயிற்றில் பையுள்ள பாலூட்டி. பூனைப் பெயர் குடியேறிய வெள்ளையர் இட்டது. 'குவோல்' அங்குள்ள குகு யிமித்திர் பழங்குடி மக்களின் சொல்லிலிருந்து வந்தது. 1770இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் எண்டவர் ஆற்றங்கரையில் பழுதுபார்ப்புக்கு நின்றபோது குறித்துக்கொண்டார்கள். உடம்பெல்லாம் வெண்புள்ளி. வாலிலும் புள்ளி இருந்தால் அது புள்ளிவால் குவோல், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இந்தக் குடும்பத்தில் அதுதான் பெரியது.

கே: பிரிஸ்பேனில் இருக்கிறோம். கூரைக்குள் ஓடுவது எலியா, ஆன்டிகைனஸா? மருந்து வைக்கலாமா?

ப: பொறுங்கள், முதலில் மருந்து வேண்டாம். ஆன்டிகைனஸ் எலி மாதிரித் தெரியும், பையுள்ள சிறு விலங்கு, சட்டப் பாதுகாப்பும் உண்டு; அடிக்கும் பொறியும் கூடாது. உயிரோடு பிடிக்கும் கூண்டை வைத்துப் பாருங்கள். மூஞ்சூறு மாதிரி நீண்ட கூர்மூக்கு, மெல்லிய காதின் விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் அதுதான். கொட்டாவி விடும்போது வாயைக் கவனியுங்கள்: எலிக்கு மேலும் கீழும் உளி போல ஒரே ஜோடி முன்பல், இதற்கு மேலே எட்டு, கீழே ஆறு, எல்லாம் பொடிப் பற்கள். மாவு தூவிக் கால்தடமும் எடுக்கலாம். எலியின் முன்காலில் நான்கு விரல்தான் பதியும், இதற்கு ஐந்து. கரப்பானையும் சிலந்தியையும் தின்றுவிட்டுப் போகிற விருந்தாளி, விட்டுவிடுவதே லாபம். துளையை அடைப்பதானால் உள்ளே குட்டி இல்லை என்று தெரிந்தபிறகு அடையுங்கள்.

கே: இணைசேர்ந்ததும் ஆண் ஆன்டிகைனஸ் எல்லாமே செத்துவிடுமாமே?

ப: உண்மை. ஓரிரு வாரம் வெறித்தனமாக இணைசேரும், ஒரு தடவை 14 மணிநேரம்கூட நீளும். ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி இறங்காமல் நிற்கும், நோயெதிர்ப்பு சரியும், குடற்புண், ஒட்டுண்ணி எல்லாம் சேர்ந்து முடித்துவிடும். ஒரு வயது நிறையாது. பெண்களில் சில அடுத்த ஆண்டும் ஈனும்.

கே: பாண்டிகூட் என்றால் நம் பெருச்சாளிதானே?

ப: பெயர் தெலுங்கின் 'பந்திகொக்கு', பெருச்சாளியைக் குறித்ததுதான். ஆஸ்திரேலியாவில் அதே பெயரை முற்றிலும் வேறொரு பையுள்ள விலங்குக்கு வைத்துவிட்டார்கள்.

கே: பையுள்ள விலங்குகளில் இருப்பதிலேயே சிறியது எது?

ப: நீண்டவால் பிளானிகேல், சுமார் 4 கிராம். மண் வெடிப்புக்குள் நுழையத் தோதாக மண்டையோடு தட்டை.

கே: வடக்குக் குவோல் ஏன் குறைகிறது?

ப: முக்கியக் காரணம் 1935இல் கரும்பு வண்டுகளை ஒழிக்கக் கொண்டுவந்த கேன் தேரை. அதைக் கவ்வினாலே விஷம். இப்போது தேரை இறைச்சியில் குமட்டல் தரும் தயாபெண்டசோல் கலந்து சாசேஜ் செய்து போட்டுப் பார்க்கிறார்கள். ஒருமுறை தின்று வாந்தியெடுத்த குவோல் அந்த வாடையையே ஒதுக்கும். ஆனால் இதிலும் ஆண்கள் பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும், ஆகவே புதுத் தலைமுறைக்கு மீண்டும் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.